கோயிலுக்குள் எப்போது மண்டியிடுவது, எப்போது தலை வணங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது மூவொரு கடவுளைப் பற்றியோ திருத்தந்தையைப் பற்றியோ இருப்பதில்லை. “எப்போ எழுந்து நிற்கணும், எப்போ மண்டி போடணும்?” இதுதான் முதல் கேள்வி. இந்துக் குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளும் கேட்கிறார். பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வரும் பையனும் உறுதிபூசுதல் வகுப்பில் அதையேதான் கேட்கிறான். வழக்கமாகக் கிடைக்கும் பதில், “பக்கத்தில இருக்கிறவங்களப் பார்த்துச் செய்.”

அப்படிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். வாசலில் ஒரு பாட்டி இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையைத் தொடுமளவுக்குக் குனிகிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர் கைகூப்பி இடுப்பளவு வணங்குகிறார். அவருடைய மகன் வலது முழங்காலை லேசாக மடக்கிவிட்டு, தரையைத் தொடாமலே பெஞ்சுக்குள் நுழைந்துவிடுகிறான். யார் செய்தது சரி? மூன்றுக்கும் பின்னால் ஒரே கணக்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அந்தக் கணக்கு இதுதான்: நமக்கு முன்னால் இருப்பது எது, யார் என்பதைப் பொறுத்து வணக்கம் மாறும். கடவுளுக்குச் செய்வது ஆராதனை. புனிதர்களுக்கும், சிலுவை, சுரூபம் (சிலை), நற்செய்தி நூல் போன்ற புனிதப் பொருள்களுக்கும் செய்வது வணக்கம். இந்த வேறுபாடு நேற்று முளைத்ததல்ல. சுரூபங்களையும் படங்களையும் வைக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்தபோது, 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் இருப்பவரைச் சேரும், ஆராதனையோ கடவுளுக்கு மட்டுமே உரியது.

முதலில் சிவப்பு விளக்கைத் தேடுங்கள்

கோயிலுக்குள் காலை வைத்ததும், பூசை நடக்கும் மேசையான பீடத்தின் பக்கம் ஒரு சிறிய விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்கும். அருகில் பூட்டிய சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் நற்கருணைப் பேழை. திருப்பலியில் (பூசையில்) அர்ச்சிக்கப்பட்டு மீந்த அப்பமாகிய நற்கருணையை நோயாளிகளுக்குக் கொண்டுபோகவும், மக்கள் ஆராதிக்கவும் அதற்குள் வைத்திருப்பார்கள். பேழை அசைக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது, பூட்டியிருக்க வேண்டும், சாவி பத்திரமாக இருக்க வேண்டும், அருகில் தனி விளக்கு ஒன்று அணையாமல் எரிய வேண்டும். இதெல்லாம் திருச்சபைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் இயேசு உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. வெறும் நினைவுச்சின்னம் என்றால் தலையசைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவரே இருக்கிறார் என்று நம்புகிறவர் வலது முழங்கால் தரையைத் தொடும்படி ஒரு கால் மண்டியிடுகிறார். திருப்பலி நூலின் முன்பகுதியில் உள்ள பொது விதிமுறைகள் இதை ஆராதனையின் அடையாளம் என்றே சொல்கின்றன. அதனால்தான் அதை நற்கருணைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் தரையில் பட மண்டியிடுவார்கள். பேழைக்கு முன்னால் போகும்போது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கடப்பார்கள். அந்தோணியார் மேல் பக்தி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அதன் முன் இரண்டு முழங்காலிலும் முழந்தாளிட்டுச் செபிக்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். ஆனால் ஒரு கால் மண்டியிடுதல் என்ற, ஆராதனைக்குரிய அந்த ஒரு அசைவை இடம் மாற்றிச் செய்தால் முன்பின் புரட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். அந்தோணியாரே நற்கருணைக்கு முன்னால் மண்டியிட்டவர்தானே.

பேழைக்கு மட்டும்தான் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், பீடத்துக்கும் தனி மரியாதை இருக்கிறது. ஆயர் (பிஷப்) அதைக் கிறிஸ்மா என்ற புனித எண்ணெயால் பூசி அர்ச்சித்திருப்பார். அது கிறிஸ்துவின் அடையாளம். குருவானவர் திருப்பலி தொடங்கும்போது குனிந்து அதை முத்தமிடுவது இதனால்தான். அதற்கு நாம் செய்வது இடுப்பிலிருந்து குனியும் ஆழ்ந்த வணக்கம். வீட்டில் தாத்தா உட்கார்ந்திருந்தால் காலில் விழுகிறோம். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய சாய்வு நாற்காலியில் ஏறி உட்காருவதில்லை, காலால் தள்ளுவதுமில்லை, ஆனால் நாற்காலியின் காலில் விழுவதுமில்லை. பேழைக்கும் பீடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

இதை வைத்துப் பார்த்தால் புனித வாரத்தின் புதிரும் தீர்ந்துவிடும். பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் நற்கருணையை வேறோர் இடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோய்விடுவார்கள். பேழை திறந்து கிடக்கும், விளக்கு அணைந்திருக்கும், பீடத்துத் துணியையும் எடுத்துவிடுவார்கள். பெரிய வெள்ளியன்று வெறும் பேழைக்கு முன்னால் மண்டியிட ஒன்றுமில்லை. அன்று மண்டியிடுவது திருச்சிலுவைக்கு. மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: பெரிய வெள்ளி வழிபாட்டில் சிலுவையை ஆராதித்தது முதல், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும்வரை சிலுவைக்கு ஒரு கால் மண்டியிடுகிறோம்.

தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஏன் சிவப்பு விளக்கு இல்லை?

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான் கேட்பார்கள், கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றாது. பால்மரக் காலத்தில் லயங்களுக்குப் பக்கத்திலேயே, தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கோயிலைத் தோட்ட மக்கள் கட்டிக்கொண்டார்கள். பட்டணத்துப் பங்கிலிருந்து குருவானவர் மாதம் ஒரு முறை வந்து பூசை வைப்பார். மற்ற நாள்களில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரோ வயதில் மூத்த ஒருவரோ முன்னின்று செபமாலை சொல்லுவார். செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்கு (பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு) குடிபோன பிறகு பல சிற்றாலயங்கள் திருவிழாவுக்கு மட்டும் திறக்கின்றன.

நற்கருணையை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும், இயன்றவரை மாதம் இரண்டு முறையாவது குரு அங்கே திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். மாதம் ஒரு பூசை நடக்கும் தோட்டத்துக் கோயிலில் பேழையும் விளக்கும் இல்லாததற்குக் காரணம் ஏழ்மை அல்ல. அங்கே போனால் பீடத்துக்கு ஆழ்ந்த வணக்கம் செய்தால் போதும். பழக்கத்தில் மண்டியிட்டாலும் யாரும் விரட்டப்போவதில்லை.

திருப்பலி நேரத்தில்

இங்கே எல்லாவற்றையும் எழுதினால் பக்கம் போதாது. உட்காருவதும் நிற்பதும் கூட்டத்தோடு சேர்ந்து தானாக வந்துவிடும். வாசகங்களுக்கும் மறையுரைக்கும் உட்காருகிறோம், நற்செய்திக்கு நிற்கிறோம். நற்செய்தி தொடங்கும்போது நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் பெருவிரலால் மூன்று சிறு சிலுவைகள் போடுகிறோம். கேட்பது அறிவில் பதிய வேண்டும், வாயால் அறிக்கையிட வேண்டும், நெஞ்சில் தங்க வேண்டும் என்பது அதன் பொருள். ஈ விரட்டுவது போல் கையை ஆட்டாமல் போட்டால் நல்லது.

பலரும் கவனிக்காத இடம் விசுவாச அறிக்கை. பரிசுத்த ஆவியால் கன்னி மரியாவிடம் உடலெடுத்து மனிதரானார் என்ற வரி வரும்போது எல்லாரும் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவன்றும், மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருவிழாவன்றும் குனிவதற்குப் பதிலாக மண்டியிட வேண்டும். நம் பங்குகளில் இந்த வரியை மற்ற வரிகளோடு சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறோம். கடவுள் மனிதரானார் என்பதைவிடப் பெரிய செய்தி அந்த அறிக்கையில் வேறென்ன இருக்கிறது? குழந்தைகளுக்கு ஒரே ஒரு வணக்கத்தைச் சொல்லிக்கொடுக்க நேரமிருந்தால் நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இயேசு, மரியா, அன்றைய புனிதர் ஆகிய பெயர்கள் வரும்போதும், தந்தை, மகன், தூய ஆவியாரைச் சேர்த்துச் சொல்லும்போதும் லேசாகத் தலை தாழ்த்துவது முறை. பெரியவர்கள் பலர் இதை அறியாமலே செய்வார்கள்.

அப்புறம் எழுந்தேற்றம். சிறு மணி அடிக்கும், எல்லாரும் முழந்தாளிடுவார்கள். குருவானவர் அப்பத்தின் மேல் ஆண்டவருடைய வார்த்தைகளைச் சொல்லி அதை உயர்த்திக் காட்டுவார், பிறகு தாமே மண்டியிடுவார். திராட்சை இரசக் கிண்ணத்துக்கும் அதே போல. நற்கருணை வழங்கும் திருவிருந்துக்கு முன்னால் இன்னொரு முறை. இப்படிக் குரு திருப்பலியில் மூன்று முறை மண்டியிடுகிறார். உயர்த்திக் காட்டும்போது தலையைக் குனிந்துகொண்டே இருப்பதுதான் பக்தி என்று சிலர் நினைக்கிறார்கள். காட்டுவதே நாம் பார்ப்பதற்குத்தான். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பக்கம் இந்த வழக்கம் வேரூன்றியதற்குக் காரணமே மக்கள் நற்கருணையைக் கண்ணால் காண ஆசைப்பட்டதுதான். நிமிர்ந்து பாருங்கள், இயேசுவின் சீடர் தோமா சொன்ன “என் ஆண்டவரே, என் கடவுளே” என்ற வார்த்தையை மனதுக்குள் சொல்லுங்கள், குரு மண்டியிடும்போது தலை வணங்குங்கள்.

நிற்பது குறைந்த பக்தியா?

சில பெரியவர்கள் முழந்தாளிடாதவரை முறைத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 325-இல் கூடிய முதல் நிசேயா பொதுச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்கச் சொன்னது. அது உயிர்த்தெழுந்தவரின் நாள், எழுந்து நிற்பதுதான் பொருத்தம் என்பது அன்றைய கிறிஸ்தவர்களின் எண்ணம். மேற்கில் முழந்தாளிடுதல் பிற்காலத்தில் ஓங்கியது. இரண்டும் திருச்சபையின் சொத்துதான்.

முதலில் வாசலில் பார்த்த அந்தப் பாட்டியின் கதைக்கு வருவோம். இரண்டு முழங்காலிலும் விழுந்து குனிவது ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. ஆராதனைக்காக நற்கருணையை எல்லாரும் காணும்படி கதிர்ப்பாத்திரம் என்ற தாங்கியில் வெளியே வைத்திருக்கும்போது அப்படித்தான் செய்ய வேண்டும். 1973-இல் வந்த சடங்குமுறை நூல் வெளியே வைத்திருந்தாலும் ஒரு கால் மண்டியிட்டால் போதும் என்று மாற்றியது. பாட்டி பழையதை விடவில்லை, அவ்வளவுதான். புதுச்சேரி மறைப்பணித்தளத்திலும் மலாயாவிலும் பணியாற்றியவர்கள் ஒரே பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள். கப்பலேறி வந்த தாத்தா பாட்டிகளுக்கு ஊரில் பழகிய பூசை முறை இங்கேயும் பெரும்பாலும் அதேதான்.

கைகூப்பி வணங்கியவரும் அரைகுறையாகச் செய்யவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், மக்களின் பண்பாட்டில் உள்ள நல்லவற்றை வழிபாட்டுக்குள் ஏற்கலாம் என்றது. அதன் பேரில் இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களுக்கு 1969 ஏப்ரலில் ரோம் இசைவு கொடுத்தது. மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி ஆழ்ந்த வணக்கம், செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்காருவது, புனிதப் பொருளை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த அனுமதி இந்தியாவுக்கு, மலேசியாவுக்கு அல்ல. வழிபாட்டு அசைவுகளில் இப்படி மாற்றம் வேண்டுமென்றால் அந்தந்த நாட்டு ஆயர் பேரவைதான் ரோமிடம் கேட்க வேண்டும். ஆனாலும் தமிழ்ப் பூசைகளில் கைகூப்புவதும் திருவிழா ஆரத்தியும் இங்கே வேரூன்றிவிட்டன. சமாதானம் சொல்லும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரரின் கையைக் குலுக்காமல் கும்பிடுவது நமக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது! தோட்டத்துக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கத்துக்கோ எந்த அனுமதிக் கடிதமும் தேவைப்படவில்லை. மோசேக்கு எரியும் முட்புதருக்கு முன்னால் சொல்லப்பட்டதே அதுதான்.

பழைய இலத்தீன் முறைதான் உண்மையான பக்தி, 1969-இல் அறிவிக்கப்பட்ட புதிய திருப்பலி நூலோடு மரியாதை போய்விட்டது என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய முறையை நடத்த 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வழியைத் தளர்த்தினார், 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மீண்டும் இறுக்கினார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மண்டியிடுதல், குனிதல், மௌனம் எல்லாமே இப்போது நடைமுறையில் இருக்கும் நூலின் விதிகள்தாம். அவை காணாமல் போனதற்கு நூலைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நற்கருணை வாங்கும்போது

வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதையும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு. முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. 1953-இல் தண்ணீரை அனுமதித்தார்கள், 1957-இல் மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள், 1964-இல் ஒரு மணி நேரமானது. பூசைக்கு வரும் வழியில் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்து காருக்குள் பிரித்தால் கணக்கு இடிக்கும். பூசை முடிந்ததும் சாப்பிடலாமே.

வரிசையில் உங்கள் முறை வரும்போது தலை வணங்குங்கள். “கிறிஸ்துவின் உடல்” என்றதும் “ஆமென்” என்று கேட்கும்படி சொல்லுங்கள். நாவில் வாங்க எல்லாருக்கும் எப்போதும் உரிமை உண்டு, அனுமதியுள்ள நாடுகளில் கையிலும் வாங்கலாம். கையில் வாங்குவது புதுமை என்று யாராவது சொன்னால், 4-ஆம் நூற்றாண்டு எருசலேமில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு, வலது கைக்கு இடது கையை அரியணையாக வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுங்கள். இந்துக் கோயிலில் பிரசாதம் வாங்கிப் பழகிய தமிழ்க் கைக்கு அது தெரிந்த பாவனைதான். இன்று பலர் இடது கையில் வாங்கி வலது கையால் எடுத்து உண்கிறார்கள். எப்படியானாலும் அங்கேயே உட்கொண்ட பிறகே நகர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு நடக்கக் கூடாது.

பிரசாதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு வரும் இந்துச் சொந்தக்காரர்கள், எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வெள்ளந்தியாக வரிசையில் வந்துவிடுவதுண்டு. நற்கருணை எல்லாருக்கும் கொடுக்கும் பிரசாதம் அல்ல, இந்த நம்பிக்கையில் திருமுழுக்குப் பெற்று, அதற்குத் தயாரானவர்கள் வாங்குவது. அத்தை மாமாவை வரிசையில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதைவிட, முதல் நாள் இரவே அன்பாகச் சொல்லிவிடுவது நல்லது. பல பங்குகளில் நெஞ்சின் மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் ஆசீர் கொடுக்கிறார்கள். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள்

முக்காடு: 1917 சட்டத்தொகுப்பு பெண்கள் கோயிலில் தலையை மூடச் சொன்னது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அது இல்லை. போடுகிறவரைப் பழம்பஞ்சாங்கம் என்பதும் தவறு, போடாதவரைப் பக்தியில்லாதவர் என்பதும் தவறு.

பேச்சு: பூசை தொடங்கும் முன்னரே கோயிலுக்குள்ளும், குரு உடை மாற்றும் அறையான சக்ரீஸ்துவிலும் அமைதி காப்பது நல்லது என்று விதிமுறை சொல்கிறது. ஊர்க் கதை, கல்யாணக் கதை, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்பதெல்லாம் வெளியே கேண்டீனுக்கு. அழும் குழந்தையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக முழங்கால் வலி. முப்பது நாற்பது வருடம் விடியற்காலையில் மரம் சீவிய அம்மாக்களும் ஐயாக்களும் எங்கள் பெஞ்சுகளில் நிறைய. மண்டியிட முடியவில்லையே என்று வருந்தி, பூசைக்கு வரவே சங்கடப்படுகிறவர்களும் உண்டு. உடல்நிலையோ இடநெருக்கடியோ வேறு தகுந்த காரணமோ இருந்தால் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட வேண்டியதில்லை என்று அதே பொது விதிமுறைகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அப்படி நிற்பவர்கள் ஒவ்வொரு உயர்த்தலுக்குப் பிறகும் குரு மண்டியிடும் நேரத்தில் ஆழ்ந்து வணங்கினால் போதும். நிற்கவும் முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே தலை தாழ்த்தலாம்.